இரண்டாவது ஜோடி ஊசி

என்னிடம் நான்கு மில்லிமீட்டர் கனமுள்ள மூங்கில் பின்னல் ஊசிகள் இரண்டு ஜோடி இருக்கின்றன. பின்னக் கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு ஜோடி போதும். மூங்கில் சுலபத்தில் தேயாது, உடையாது. ஒரே அளவில் இன்னொன்று வாங்க எந்தக் காரணமும் கிடையாது. முதல் ஜோடி என் விரல் பட்டுப் பட்டுப் பழுப்பேறிவிட்டது. இரண்டாவது ஜோடி இன்னும் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது. அதை ஒரு வியாழக்கிழமை காலை டி. நகரில் வாங்கினேன். அந்த வியாழக்கிழமையைத்தான் எழுத வேண்டும். ஆனால் முதல் ஜோடியிலிருந்து தொடங்கினால்தான் அது புரியும்.

அம்மா கணக்கு டீச்சர். மந்தைவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருடமாக ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் கணக்கு எடுக்கிறார். அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. அபிராமபுரத்தில் இரண்டாவது மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் கிண்டியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்தத் தூண் எவ்வளவு கனம் இருக்க வேண்டும், அதற்குள் எத்தனை கம்பி போக வேண்டும் என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பது என் வேலை.

அம்மாவுக்கு மார்பில் வந்திருப்பது புற்றுநோய்தான் என்று உறுதியான வாரம் நான் ஒரு நீளமான நோட்டு வாங்கினேன். மருந்துக்கு ஒரு பக்கம், ஸ்கேன் தேதிகளுக்கு ஒரு பக்கம், டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றுக்கு ஒரு பக்கம். அடையாறில் இருந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பொறுமையாக உட்கார்ந்து சொன்னவற்றையெல்லாம் எண் போட்டு எழுதிக்கொண்டேன். பதினொன்றாவது, முதல் மருந்து ஏறி இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்கும் என்பது. பன்னிரண்டாவது, மருந்து ஏற்றும் அறையில் ஏ.சி. அதிகம், தலை சில்லிடும், மெத்தென்று ஒரு பருத்தித் தொப்பி வைத்துக்கொள்ளுங்கள் என்பது. பன்னிரண்டின் கீழ் இரண்டு கோடு இழுத்தேன். அந்தப் பட்டியலில் நான் செய்யக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் டாக்டர்களின் கையில் இருந்தது, தொப்பியை மட்டும் கணக்குப் போட்டுச் செய்துவிடலாம்.

பத்து நாள் படித்தேன். பின்னல் ஊசிகளில் நேர் ஊசி உண்டு, நடுவில் வளையும் வயர் வைத்த ஊசி உண்டு. முதலில் தொடங்குகிறவர்களுக்கு நேர் ஊசி நல்லது. அலுமினிய ஊசியில் நூல் வழுக்கும், மூங்கிலில் பிடித்து நிற்கும், அதனால் புதியவர்களுக்கு மூங்கில். கனம் நான்கு மில்லிமீட்டர், மிக மெல்லியதும் இல்லை, கையை வலிக்க வைக்கும் பருமனும் இல்லை. கம்பளி இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும், கற்றுக்கொள்ள அதுதான் சுலபம் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். ஆனால் சென்னையில் கம்பளித் தொப்பியை யார் போடுவது. பருத்தி சூடு பிடிக்காது, உறுத்தாது. அதன் குறை ஒன்றுதான், அது நீண்டு கொடுக்காது, நீண்டுவிட்டால் திரும்பியும் வராது. அளவு தவறினால் தவறியதுதான். அளவு தவறாமல் இருப்பதுதானே என் தொழில் என்று நினைத்துக்கொண்டேன்.

டி. நகரில், கூட்டத்திலிருந்து கொஞ்சம் விலகிய ஒரு சந்தில், மாடியில் ஒரு தையல் சாமான் கடை. பொத்தான், லேஸ், ஜிப், புடவை ஃபால்ஸ் எல்லாம் சின்னச் சின்ன டிராயர்களில் இருக்கும். கடைக்காரர் நான் முடிக்கும் முன்பே, "உல்லனா?" என்று பந்து பந்தாக எடுத்துப் போட்டார். இங்கே பஞ்சு மாதிரி பொசுபொசுவென்று இருக்கும் எந்த நூலுக்கும் உல்லன் என்றுதான் பெயர். லேபிளைத் திருப்பிப் பார்த்து, இது அக்ரிலிக் என்று போட்டிருக்கிறதே என்றேன்.

"அதாம்மா உல்லன்," என்றார்.

அம்மாவுக்குத் தொப்பி என்றதும் அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. மெட்ராஸ் வெயிலில் தாயாருக்கு உல்லன் தொப்பியா, ஊட்டிக்கு அனுப்பப் போகிறீர்களா என்று கேட்டார். நான் காரணத்தைச் சொல்லவில்லை, பருத்தி வேண்டும் என்று மட்டும் சொன்னேன். உள்ளே போய் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தார். ஒவ்வொரு நூலையும் கழுத்தின் பின்புறம் வைத்து உறுத்துகிறதா என்று பார்த்தேன். வெளிர் சாம்பல் நிறத்தில் இரண்டு பந்து எடுத்தேன், அழுக்குத் தெரியாது என்பதால். இரண்டிலும் சாயம் போட்ட எண் ஒன்றுதானா என்று சரிபார்த்தேன், இல்லாவிட்டால் தொப்பியின் பாதியில் நிறம் மாறிவிடும். ஊசிக்கு அவர் பழைய எண் வைத்திருந்தார். நான்கு மில்லிமீட்டர் அதில் எட்டாம் நம்பர். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், கம்பி கேஜ் மாதிரி. அது எனக்கு உடனே பிடிபட்டது, சந்தோஷமாகக்கூட இருந்தது. அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். தோன்றவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் மேசைமேல் பரப்பி வைத்துப் பட்டியலில் குறியிட்டேன். அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இது என்ன கலையென்று கேட்டதற்கு, பின்னல் என்றேன்.

எங்கள் வீட்டில் அதுவரை பின்னல் என்றால் அம்மாவின் பின்னல்தான். ஐம்பத்து மூன்று வயதிலும் இடுப்பைத் தொடும், ஒரு கைக்குள் அடங்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவருக்கு வைத்த பட்டப்பெயரே அதை வைத்துத்தான்.

"சரிதான். என் பின்னல் போகுது, உன் பின்னல் வருது," என்றார் அம்மா.

நான் சிரிக்கவில்லை. கண்ணிகளுக்கு, அதாவது ஊசியில் ஏறும் நூல் சுழிகளுக்கு, நடுவே அடையாளமாக மாட்டச் சின்ன வளையங்கள் வேண்டும், அது கடையில் இல்லை என்று சொன்னேன். அம்மா உள்ளே போய்த் தன் தலைவாரும் டப்பாவைக் கொண்டுவந்தார். பின்னல் நுனியில் போடும் கறுப்பு ரப்பர் பேண்டுகள் ஒரு கொத்து. இனிமேல் கொஞ்ச நாளைக்கு எனக்கு எதற்கு என்று முழுவதையும் என் பக்கம் நகர்த்தினார். அளவு சரியாக இருந்தது. பட்டியலில் ஐந்தாவதற்கும் குறியிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலை அளவு எடுத்தேன். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு முடியை விரித்துப் போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். இஞ்ச் டேப்பைக் காதுக்கு மேலாகச் சுற்றி எடுத்தேன். ஐம்பத்தொன்பது சென்டிமீட்டர். பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று பின்னி, துவைத்து, காயவைத்து, எண்ணிப் பார்த்தேன். பத்து சென்டிமீட்டருக்கு இருபது கண்ணி. கொஞ்சம் இறுக்கமாக நிற்க இரண்டு சென்டிமீட்டர் குறைத்துக்கொள்ள வேண்டும். ஐம்பத்தேழு, அப்படியானால் நூற்றுப் பதினான்கு கண்ணி. நோட்டில் எழுதிக் கட்டம் போட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம், பழகுவதற்காகப் பின்னிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். கையைத் தூக்கிப் பொறுங்கள் என்று காட்டினேன். வரிசையின் நடுவில் நிறுத்தக் கூடாது. கண்ணி நழுவும், எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம் என்பதும் மறந்துபோகும். புதியவர்களுக்குச் சொல்லும் முதல் விதிகளில் அது ஒன்று. நான் அதை மிகவும் மதித்தேன். அந்த ஒரு வாரத்தில் "இந்த வரிசை முடிச்சுட்டு வரேன்" என்பது என் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வரிசை முடியும் வரை அம்மா காத்திருந்தார்.

"வியாழக்கிழமை வடபழனி போலாம்னு இருக்கேன்," என்றார். "அது தானா கொட்டறதுக்கு முன்னாடி நானே முருகனுக்குக் குடுத்துடறேன். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். மருந்து ஏத்த ஒரு வாரம் இருக்கு, புது பிளேடா இருந்தாப் போதும்னுட்டார். நீ கூட வரியா?"

அம்மா பொதுவாக எதையும் கேட்கிறவர் இல்லை. பரிசோதனைகளுக்குக்கூட நான் வருகிறேன் என்று சொன்னால்தான் சரி என்பார். அன்று கேட்டார்.

நான் ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், இந்த ஊசி சரியில்லை, முனை கரடாக இருக்கிறது, கடைக்காரர் வியாழக்கிழமை காலை வேறு வருகிறது என்றார், அதற்காகத்தான் அன்றைக்கு லீவு போட்டிருக்கிறேன் என்று. அதில் ஒரு வார்த்தையும் உண்மை இல்லை. ஊசியின் முனை கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தது. லீவு, அம்மா கேட்ட பிறகு, மறுநாள்தான் போட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குக் காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்குப் பார்க்க முடியாது என்று தோன்றியது. அம்மா தலையைக் குனிந்து உட்கார, அந்தப் பின்னல் முழுசாகத் தரையில் விழுவதை நின்று பார்க்க முடியாது என்று தோன்றியது. அதைச் சொல்லியிருந்தால் அம்மாவுக்குப் புரிந்திருக்கும். ஊசியைச் சொன்னேன்.

வரவில்லை என்பதற்கு ஈடாகப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். புது பிளேடு, நம் கண் முன்னால் பிரித்தது. சந்தனம் சின்ன டப்பா. துண்டு இரண்டு. பருத்தி துப்பட்டா. தண்ணீர். மூக்குக்கண்ணாடிக்கு உறை. அம்மா அதைப் படித்துப் பார்த்து, மடித்து, பர்ஸில் வைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அம்மா எட்டரைக்கு ஆட்டோவில் கிளம்பினார். எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் இருக்கும் ஆட்டோக்காரர், அம்மாவைப் பல வருடமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போகிறவர். நான் ஒன்பதுக்கு பஸ் பிடித்தேன். கடை திறக்கவில்லை. பூட்டின ஷட்டருக்கு எதிரே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றேன். திறந்ததும் மேலே போய், எட்டாம் நம்பர் மூங்கில் ஊசி ஒரு ஜோடி கேட்டேன்.

"போன வாரம் இதானேம்மா வாங்கிட்டுப் போனீங்க, ஒடஞ்சிடுச்சா?" என்றார் கடைக்காரர்.

ஆமாம் என்றேன். அந்த ஊசிக்காகச் சொன்ன இரண்டாவது பொய்.

படியில் இறங்கும்போது அம்மாவிடமிருந்து போன் வந்தது. சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன், கவனிக்கவில்லை என்று பிறகு சொன்னேன். போன் என் கையில்தான் இருந்தது. திரையில் "அம்மா" என்று எழுந்து, நின்று, போய்விட்டது. பக்கத்தில் இருந்த பூங்காவுக்குள் போய் ஒரு பெஞ்சில் ஊசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று நோட்டில் இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்ததும் சந்தன வாசனை. அம்மா சமையலறையில் பருப்புக் களைந்துகொண்டிருந்தார். திரும்பினார். நான் அவர் கையிலிருந்த பாத்திரத்தைப் பார்த்தேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கும்மா," என்று பருப்பிடம் சொன்னேன்.

"நீ வரலைன்னாலும் உன் லிஸ்ட் வந்துச்சு. ஒண்ணும் விட்டுப்போகல," என்றார். குரலில் கேலிதான் இருந்தது. அதற்குக் கீழே வேறு ஏதாவது இருந்ததா என்று பார்க்க நான் முகத்தை நிமிர்த்த வேண்டியிருந்தது. நிமிர்த்தவில்லை.

அதற்குப் பின் மூன்று வாரத்துக்கு மேல் அம்மாவை நான் புருவத்துக்குக் கீழேதான் பார்த்தேன். பேசும்போது காதுத் தோட்டைப் பார்த்துப் பேசினேன். அம்மா துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொள்ளப் பழகினார். வீட்டில் மின்விசிறிக் காற்று வேண்டும் என்று சில சமயம் அதை எடுத்துவிடுவார். அப்போது நான் பின்ன ஆரம்பித்துவிடுவேன்.

முதல் மருந்து ஏற்றிய அன்று, அம்மாவை உள்ளே அனுப்பிவிட்டு, வாங்கச் சொன்ன ஒரு மாத்திரைக்காகக் கீழே வந்தேன். ஆட்டோக்காரர் மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னா மேடம், அன்னிக்கு நீங்க வரவேல்ல?"

வேலை இருந்தது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார். அம்மா அவரை வாசலிலேயே நிற்கச் சொல்லவில்லை, கண்ணாடியையும் பையையும் பிடித்துக்கொள்ள உள்ளேயே கூட்டிப்போயிருக்கிறார். மொட்டை அடிக்கும் இடத்தில் அவ்வளவு கூட்டம் இல்லை. உடனே முடிந்திருக்க வேண்டியது.

"அம்மா வரிசையில குந்திகினு, நீ போம்மா, நீ போம்மான்னு மூணு பேரை முன்னாடி வுட்டாங்க மேடம். நான் இன்னாம்மா, பயமா கீதான்னேன். இல்லப்பான்னாங்க. வாசலையே பாத்துகினு இருந்தாங்க. அப்பறம் ஒரு போன் போட்டாங்க. அப்பறம் போய் உக்காந்துட்டாங்க."

முடிந்ததும் அம்மா அவரிடம்தான் கேட்டிருக்கிறார், எப்படி இருக்கு என்று.

"நான் இன்னா சொல்றது. சூப்பரா கீதும்மான்னேன்," என்றார்.

அதே கேள்வி. அவர் நேராகப் பார்த்து பதில் சொல்லியிருக்கிறார்.

வாசலையே பார்த்தார் என்பதைப் பயம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பயத்தில் ஒருவர் எழுந்து ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்ப்பது இயல்புதான் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

தொப்பி இரண்டாவது தவணை மருந்துக்கு இரண்டு நாள் முன் முடிந்தது. நூற்றுப் பதினான்கு கண்ணி, ஒன்றுகூடக் குறையவில்லை. முனை மழுங்கிய ஊசியால் பக்கத்தைத் தைத்து மூடினேன். தையல் உள்பக்கம் தடிக்காமல் வந்தது. அம்மா வாங்கிப் போட்டுக்கொண்டார். அது நெற்றியைத் தாண்டி, புருவத்தைத் தாண்டி, மூக்குக்கண்ணாடியின் மேல் போய் உட்கார்ந்தது.

"இது தலைக்கா, இட்லிப் பானைக்கா?" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது.

நான் நோட்டைப் புரட்டினேன். கண்ணி சரி. சதுரம் சரி. கழித்தல் சரி. எங்கும் தவறில்லை. விளிம்பை இரண்டு மடிப்பு மடித்தால் நிற்கும் என்றேன். மடித்தோம். கண்ணாடி முன் நின்று அம்மா, சாம்பல் நிறத்தை யார் கேட்டது, அரக்கு வாங்கியிருக்கக் கூடாதா என்றார், அதோடு விட்டுவிட்டார்.

இரண்டாவது தவணைக்கு அதையே போட்டுக்கொண்டு வந்தார். ஏ.சி. அறையில் நாற்காலியில் சாய்ந்தபோதெல்லாம் தொப்பி பின்னால் சரிந்தது. ஒரு கையில் மருந்துக் குழாய், அதை அசைக்கக் கூடாது. மற்ற கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எடுத்துவிடுங்கள் அம்மா என்றேன், குளிர்கிறது என்றார். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வரும்போது ஆட்டோ அடையாற்றுப் பாலத்தின் மேல் ஏறியதும் கடல் பக்கத்திலிருந்து காற்று அடித்தது. மடிப்புப் பிரிந்து தொப்பி கழன்றது. அம்மா சட்டென்று இரண்டு கையாலும் பிடித்தார், குழாய் எடுத்து பஞ்சு ஒட்டிய கையாலும். வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது. பாலம் தாண்டி, மந்தைவெளி தாண்டி, வீட்டு வாசல் வரைக்கும் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டே வந்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து வேகத்தைக் குறைத்தார். நான் அப்போதாவது கையை நீட்டிப் பிடித்திருக்கலாம். என் கை மடியிலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா படுத்திருந்தபோது தொப்பியைப் பிரித்தேன். தையலை வெட்டி, நுனியைப் பிடித்து இழுத்தால் போதும், ஒரு மாத வேலை கால் மணி நேரத்தில் நூலாகிவிடும். பிரித்த நூல் நேராக இருக்கவில்லை. அலை அலையாக, பின்னலை அவிழ்த்துவிட்ட முடி மாதிரியே இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தவறு தெரிந்தது. ஐம்பத்தொன்பது என்பது அம்மாவின் தலை இல்லை. அம்மாவின் தலையும், குளித்து விரித்த முடியும் சேர்ந்தது. முடி இல்லாத தலைக்கு முடியோடு அளவு எடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை நான் வடபழனிக்குப் போயிருந்தால், வீட்டுக்கு வந்த பிறகாவது ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால், இது என் கண்ணில் பட்டிருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு.

மறுநாள் காலை இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். மறுபடி அளவு எடுக்க வேண்டும், போன தடவை முடியோடு எடுத்துவிட்டேன் என்றேன். அம்மா யோசித்தார்.

"எனக்கும் தோணலையே. முடி இருக்கறப்ப அதையும் சேர்த்துத்தான் தலைன்னு நினைச்சுக்கறோம்."

துப்பட்டாவை எடுத்தார். நான் பார்த்தேன். இடது காதுக்கு மேல் ஒரு சின்ன மச்சம் இருந்தது. இருபத்தேழு வருடத்தில் எனக்குத் தெரியாத மச்சம். பின்மண்டை நான் நினைத்ததைவிடச் சிறியதாக, கொஞ்சம் தட்டையாக இருந்தது. டேப்பை வைக்கும்போது என் விரல் தலையில் பட்டது. சூடாக இருந்தது. ஐம்பத்து நான்கு. எழுதிக்கொள்ளவில்லை. டேப்பை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு, அம்மாவின் முதுகுப் பக்கமிருந்து சொன்னேன்.

"அன்னிக்கு எனக்கு ஊசி தேவையே இல்லம்மா."

"தெரியும்," என்றார் அம்மா. "நீ கரடா இருக்குன்ன ஊசி மேசைமேலதான் இருந்துச்சு. கிளம்பறதுக்கு முந்தின நாளே தொட்டுப் பார்த்துட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு."

டேப்பைச் சுற்ற ஆரம்பித்தேன். அம்மா தொடர்ந்தார்.

"வரமாட்டேன்னு சொல்லியிருந்தா, ஸ்கூல்ல யாரையாவது கூட்டிட்டுப் போயிருப்பேன்டி. நீ டி. நகர் போறேன்ன. அங்கேருந்து வடபழனி எவ்ளோ தூரம், கால் மணி நேரம். சரி, மனசு கேக்காது, நீ வந்துடுவேன்னு நினைச்சேன். ஒவ்வொருத்தரா முன்னாடி போகச் சொல்லிட்டு உக்காந்திருந்தேன். அப்பறம் அந்த பிளேடுக்காரர், உங்க முறை தள்ளிக்கிட்டே போகுதேம்மான்னார்."

அம்மா என்னைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. எவ்வளவு என்று கேட்டார். ஐம்பத்து நான்கு என்றேன். அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம், பத்துக்கு இருபதுன்னா பத்துக் கண்ணி குறைச்சுக்கோ என்று மனதிலேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டுத் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டார்.

நூற்று நான்கு கண்ணியில் இரண்டாவது தொப்பி. அலை விழுந்த நூலை நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டு நேராக்கினேன். விளிம்புக்கு அரக்கு நூல் வேண்டியிருந்தது. இந்த முறை மயிலாப்பூரிலேயே, குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கடையில் கிடைத்தது. அம்மாவைக் கூட்டிப்போனேன், நிறத்தை அவரே எடுத்தார். டி. நகர் வரை போயிருக்கவே வேண்டாம் என்பது அப்போது தெரிந்தது. மூன்றாவது தவணையிலிருந்து கடைசித் தவணை வரை அந்தத் தொப்பி அசையாமல் நின்றது. ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், எப்படித் தொடங்குவது, என்ன வாங்க வேண்டும் என்று. எழுதிக் கொடுத்தேன். ஊசி ஒரு ஜோடி, எட்டாம் நம்பர், மூங்கில். பருத்தி நூல் இரண்டு பந்து, ஒரே சாய எண். இஞ்ச் டேப். ரப்பர் பேண்ட். முடி எடுத்த பிறகு அளவு எடுக்கவும். ஒருவருக்கு எழுதும்போது உறைக்குள் இருக்கும் ஜோடி நினைவுக்கு வந்தது, கொடுத்துவிடலாம் என்று பார்த்தேன். மனம் வரவில்லை. இன்னொருவருக்கு நல்ல ஊசியாகப் போய்விட்டால் அது எதற்கு வாங்கியது என்பது மறந்துபோகும்.

இப்போது அம்மாவுக்கு ஒரு விரற்கடை முடி வளர்ந்திருக்கிறது. சுருள் சுருளாக, முன்பு இல்லாத மாதிரி. பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிவிட்டார். பிள்ளைகள் புதுப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம், என்னவென்று என்னிடம் சொல்ல மறுக்கிறார். போன மாதம் நான் மெதுவாகக் கேட்டேன், கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொரு தடவை வடபழனி போகலாமா, நானும் வருகிறேன் என்று.

அம்மா சிரித்தார். "ஒரு தடவைதான் வேண்டிக்கிட்டேன், ஒரு தடவை குடுத்தாச்சு. உனக்காக இன்னொரு மொட்டையா?"

நியாயம்தான். எனக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக அம்மா இரண்டாவது முறை தலையைக் குனிய வேண்டியதில்லை.

போன சனிக்கிழமை எனக்கே ஒரு பை பின்னிக்கொண்டிருந்தேன். எண்பது கண்ணி வரிசையில் முப்பத்தாறில் இருந்தபோது அம்மா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, காய் வாங்கப் போகிறேன், வருகிறாயா என்று கேட்டார். வாய் தன்னால் திறந்தது. "இந்த வரிசை" வரைக்கும் சொல்லிவிட்டேன். அம்மா படியில் ஒரு காலை வைத்தபடி நின்று திரும்பி, வாசலைப் பார்த்தார். உள்ளே இருந்த என்னைத்தான் பார்த்தார், ஆனால் அந்தப் பார்வையை ஆட்டோக்காரர் எனக்கு ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

ஊசியைப் பாதி வரிசையில் அப்படியே மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தபோது நான்கு கண்ணி நழுவியிருந்தது.